சுருதியை இறக்கிக்கொள், அக்கா

லெஸ்டர்
26-6-2023

அன்புள்ள அக்காவுக்கு,

நவராத்திரிக்கு இந்த வருஷம் கோயிலில் பாடவில்லை, பிள்ளைகளை உட்காரவைத்துவிட்டுத் தம்பூரா மட்டும் போடுகிறேன் என்று நீ அனுப்பியிருந்த குரல் பதிவைக் கேட்டேன். ஆபரேஷனுக்குப் பிறகு மேல் ஷட்ஜத்தில் நிற்க முடியவில்லை, நின்றாலும் நடுங்குகிறது, கேட்கிறவர்களுக்குப் பழைய குரல் ஞாபகம் வந்து பரிதாபப்படுவார்கள் என்று சொல்லியிருந்தாய். கேட்டதும் எனக்குப் பேச்சு வரவில்லை. உனக்கு என்ன பதில் சொல்வது என்று ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருந்தேன். நேற்று ஞாயிற்றுக்கிழமை முழுக்க டிவி முன்னால் உட்கார்ந்து பாட்டுக் கேட்டதில் பதில் கிடைத்துவிட்டது. ஃபோனில் சொன்னால் பாதியில் நின்றுபோகும் என்பதால் எழுதுகிறேன். அவசரமில்லாமல் படி.

இங்கே இங்கிலாந்தில் ஜூன் கடைசி வாரம் வந்துவிட்டால் கிளாஸ்டன்பரி இசை விழா. நம் ஊர்ப் பக்கம் யாருக்கும் அவ்வளவாகத் தெரியாது. சாமர்செட் கவுண்டியில் பில்டன் என்று ஒரு கிராமம், அதில் வொர்தி பண்ணை. மாடு வைத்துப் பால் கறக்கிற பண்ணைதான். அந்தப் பண்ணைக்காரர் மைக்கேல் ஈவிஸுக்கு அப்பா இறந்தபோது பத்தொன்பது வயது. 1954-இல் பண்ணைப் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. 1970-இல் பக்கத்தில் நடந்த பாத் விழாவில் லெட் ஸெப்பலின் வாசித்ததைக் கேட்டுவிட்டு வந்தவர், அதே வருஷம் செப்டம்பரில் தன் பண்ணையிலேயே ஒரு விழா நடத்திவிட்டார். ஜிமி ஹென்ட்ரிக்ஸ் இறந்ததற்கு மறுநாள் அது. டிக்கெட் ஒரு பவுண்டு, வந்தவர்களுக்குப் பண்ணைப் பால் இலவசம். சுமார் ஆயிரத்து ஐந்நூறு பேர் வந்தார்களாம். இந்த வருஷம், 2023-இல், டிக்கெட் 335 பவுண்டு. ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர் ஐந்து நாள் அந்த வயல்களில் குடியிருக்கிறார்கள். சில வருஷங்களுக்கு ஒரு முறை விழாவையே நிறுத்திவிட்டு நிலத்துக்கும் மாட்டுக்கும் ஓய்வு கொடுக்கிறார்கள். 2018-இல் அப்படித்தான் விட்டார்கள். அது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

நான் அங்கே போனதில்லை, போகவும் ஆசையில்லை. கூட்டத்தில் தலைகளுக்கு நடுவே எட்டிப் பார்த்துக் கேட்பதைவிட வீட்டில் கேட்பதுதான் எனக்குச் சுகம். நாம் திருவையாற்று ஆராதனையை டிவியில் பார்த்து வளர்ந்தவர்கள் இல்லையா? பஞ்சரத்னத்தின்போது கேமரா ஒவ்வொரு வித்வானாக நகர நகர, யார் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார், யார் பக்கத்திலிருப்பவரைப் பார்த்துச் சிரிக்கிறார் என்று நீதான் எனக்குக் காட்டுவாய். பந்தலில் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு அது கிடைக்காது. இங்கே கிளாஸ்டன்பரியை முதலில் டிவிக்குக் கொண்டுவந்தது சேனல் 4, 1994-இல். 1997 முதல் பிபிசி. இப்போது ஐந்து பெரிய மேடைகளையும் தனித்தனியாக நேரலையில் பார்க்கலாம், தவறவிட்டதை மறுநாளும் பார்க்கலாம். இந்த வருஷம் பிரதான மேடையான பிரமிட் மேடைக்கு முதல் முறையாகச் சைகை மொழியும் சேர்த்திருந்தார்கள். அந்தச் சைகைக்காரர்கள் பாட்டின் அர்த்தத்தை மட்டும் சொல்வதில்லை அக்கா. தாளத்தை உடம்பில் வைத்துக்கொள்கிறார்கள். பாடகர் ஒரு ஸ்வரத்தை இழுத்து நிறுத்தினால் இவர் கையும் அதுவரை அந்தரத்தில் நிற்கிறது. காது கேளாதவர்களுக்கென்று செய்தது, கேட்கிறவளான எனக்கும் பாட்டை வேறு மாதிரிக் காட்டியது.

என் வீட்டுக்காரரும் மகளும் காலையிலேயே நாட்டிங்ஹாமுக்குப் பெண்கள் ஆஷஸ் டெஸ்ட் பார்க்கக் கிளம்பிவிட்டார்கள். வீட்டில் நான் மட்டும். குளிக்கக்கூட எழுந்திருக்காமல், இரண்டாவது காப்பியோடு சோபாவில் காலை நீட்டிக்கொண்டேன். இந்த ஜூன் இங்கே நல்ல வெயில். டிவியில் வெளிச்சம் அடிக்கிறதென்று திரைச்சீலையைப் பாதி இழுத்துவிட்டேன். முந்தின நாள் வத்தக்குழம்பு இருந்தது, அதனால் சமையல் வேலையும் இல்லை.

முதலில் சனிக்கிழமை நடந்ததைப் போட்டேன். லூயிஸ் கபால்டி என்று ஒரு ஸ்காட்லாந்துப் பையன், இருபத்தாறு வயது. குரல் பெரிது, அடிவயிற்றிலிருந்து கத்திப் பாடுகிற குரல். டூரெட் என்று ஒரு நரம்புக் கோளாறு தனக்கு இருப்பதாகப் போன வருஷம் வெளியே சொன்னான். தோளும் தலையும் தானாக வெட்டி இழுக்கும். உடம்பும் மனசும் சோர்ந்துபோய் இந்த மாதக் கச்சேரிகளையெல்லாம் ரத்து செய்துவிட்டு, இதற்கு மட்டும் வந்திருந்தான். பாதிக்கு மேல் குரல் போக ஆரம்பித்தது. மேலே போக வேண்டிய இடத்தில் காற்றுதான் வந்தது. கூட்டத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்டான். இந்த வருஷம் இனிமேல் என்னை அதிகம் பார்க்க முடியாமல் போகலாம் என்றும் சொன்னான். கடைசிப் பாட்டு 'சம்ஒன் யூ லவ்ட்', அவனை உலகத்துக்குக் காட்டிய பாட்டு. அதை ஆரம்பித்தான், தோள் இழுக்க ஆரம்பித்தது, வார்த்தை வரவில்லை. மைக்கை விட்டு விலகி நின்றான்.

அந்த வயல் முழுக்க இருந்த ஜனம் அதை எடுத்துக்கொண்டது. யாரும் தொடங்கிவைக்கவில்லை, கையசைக்கவில்லை. பின்னால் வாத்தியங்கள் வாசித்துக்கொண்டிருக்க, பல்லவியிலிருந்து கடைசி வரைக்கும் கூட்டமே பாடி முடித்தது. நடுவில் அவன் வந்து ஓரிரு வரியில் சேர்ந்துகொள்வதும் மறுபடி விலகுவதுமாக நின்றான். கேமரா அவன் முகத்தையும் கூட்டத்தையும் மாறி மாறிக் காட்டியது. நான் அழுதேன். அப்போது உன்னை நினைத்துத்தான் அழுதேன். பரிதாபப்படுவார்கள் என்றாயே, அந்தக் கூட்டத்தில் ஒரு முகத்திலும் பரிதாபத்தை நான் பார்க்கவில்லை. அவன் கொடுத்த பாட்டு அவர்களிடம் இருந்தது, அதைத் திருப்பிக் கொடுத்தார்கள். கேட்கிறவர்களுக்குக் கச்சேரியில் ஒரு பொறுப்பு உண்டென்று நான் வெகுநாளாக நம்புகிறவள். நேற்று அதைக் கண்ணால் பார்த்தேன்.

மத்தியானம் நேரலைக்கு வந்தேன். சோஃபி எல்லிஸ்-பெக்ஸ்டர் பாட்டுக்குச் சமையலறையில் அப்பளம் சுட்டேன். அடுத்து வந்த அமெரிக்கப் பெண்கள் மூவரின் குழுவைச் சாப்பிட்டுக்கொண்டே கேட்டேன். பிடில் வாசிப்பு அருமை.

இந்த விழாவில் ஞாயிறு மத்தியானத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. அந்த நேரத்தை மூத்தவர் ஒருவருக்கு என்று ஒதுக்கிவிடுவார்கள். டாலி பார்ட்டன், லயனல் ரிச்சி, போன வருஷம் டயானா ராஸ், எல்லாரும் அதில் பாடியவர்கள்தான். 2019-இல் கைலி மினோக். அவர் 2005-லேயே பிரதானக் கச்சேரி செய்திருக்க வேண்டியவர். மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்து வர முடியாமல் போயிற்று. பதினாலு வருஷம் கழித்து அதே இடத்தில் நின்று அதைச் சொல்லும்போது குரல் உடைந்தது. பிறகு பாடினார். அதையும் நான் இதே சோபாவில்தான் பார்த்தேன்.

நேற்று அந்த நேரம் யூசுஃபுக்கு. கேட் ஸ்டீவன்ஸ் என்று சொன்னால் உனக்குத் தெரியும். அண்ணன் ஹாஸ்டலிலிருந்து கொண்டுவந்த கேசட்டில் கேட்டிருக்கிறோம். லண்டனில் கிரேக்க சைப்ரஸ்காரருக்குப் பிறந்தவர், அப்பா ஓட்டல் வைத்திருந்தார். பத்தொன்பது இருபது வயதில் காசநோய் வந்து மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். அதிலிருந்து எழுந்த பிறகு எழுதிய பாட்டுகள்தான் இன்றைக்கும் நிற்கின்றன. 1977-இல் இஸ்லாத்துக்கு மாறினார், 1979-இல் கிடார்களை ஏலத்தில் விற்றுப் பணத்தைத் தர்மத்துக்குக் கொடுத்தார். அதோடு அந்த வாழ்க்கையை முடித்துக்கொண்டார். வருஷங்கள் ஓடின. பிறகு மகன் ஒரு கிடாரை வீட்டுக்குக் கொண்டுவர, அதைத் தொட்டுப் பார்த்ததில்தான் பாட்டு திரும்ப வந்தது. 2006-இல் மறுபடி ஆல்பம் போட்டார்.

இப்போது எழுபத்து நாலு வயது. நரைத்த தாடியோடு கிடாரை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். 'வைல்ட் வேர்ல்ட்' பாடினார், 'ஃபாதர் அண்ட் சன்' பாடினார். இந்த இரண்டாவது பாட்டைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். அப்பாவும் பிள்ளையும் பேசிக்கொள்கிற பாட்டு அது. அப்பா கீழே, நிதானமாக. பிள்ளை ஒரு ஸ்தாயி மேலே, கொதிப்போடு. இரண்டையும் ஒரே ஆள் பாடுவார். 1970-இல் அது வெளிவந்தபோது அவருக்கு இருபத்திரண்டு வயது, பிள்ளையின் குரல்தான் சொந்தக் குரல். அரை நூற்றாண்டு கழித்து 2020-இல் அந்த ஆல்பத்தையே மறுபடி பதிவு செய்தார். அதில் அப்பாவின் வரிகளை இன்றைய குரலில் பாடினார். பிள்ளையின் வரிகளுக்கு 1970-இல் ஒரு கச்சேரியில் பதிவான தன் இளவயதுக் குரலையே எடுத்து வைத்துவிட்டார். கிழவரும் இளைஞனும் ஒரே மனிதர். நேற்று மேடையில் அந்த வசதி இல்லை, இரண்டையும் அவரே பாடினார். அப்பாவின் வரிகளில் அவருக்கு ஒரு சிரமமும் இல்லை. கேசட்டில் கேட்ட காலத்தைவிட அந்த வரிகள் நேற்றுதான் எனக்கு உண்மையாகப் பட்டன. பிள்ளையின் வரிகளில் குரல் கொஞ்சம் மெலிந்தது. கிழவர் ஒருவர் தன் வாலிபத்தை நினைத்துப் பேசுவதாக அது கேட்டது. பழைய ரெக்கார்டில் இந்த அர்த்தம் கிடையாது.

அப்புறம் பிளாண்டி குழு. அதில் பாடுகிற அம்மா டெபி ஹாரிக்கு வருகிற சனிக்கிழமை எழுபத்தெட்டு. பழைய மினுமினுப்பு குரலில் இல்லை. அதனால் பாதியைப் பேசுகிற மாதிரி சொல்லிக்கொண்டே போகிறார். ஆனால் காலப்பிரமாணம் துளி பிசகவில்லை. எங்கே மூச்சு எடுக்கிறார் என்று பார்ப்பதற்காகவே கேட்டுக்கொண்டிருந்தேன். சாயங்காலம் கொஞ்சம் கண்ணயர்ந்தேன்.

இரவு ஒன்பது மணிக்கு எல்டன் ஜான். வீட்டுக்காரரும் மகளும் அதற்குள் திரும்பிவிட்டார்கள், மூன்று பேருமாக உட்கார்ந்தோம். இங்கிலாந்தில் அவருடைய கடைசிக் கச்சேரி என்று சொல்லியிருந்தார்கள். விடைபெறும் பயணத்தின் கடைசி நாட்கள் இவை. ஐம்பது வருஷத்துக்கு மேலாகப் பாடுகிறவர் கிளாஸ்டன்பரிக்கு வந்தது இதுதான் முதல் முறை. எழுபத்தாறு வயது. தங்க நிறக் கோட்டு, கண்ணாடி. நடை தளர்ந்துவிட்டது, பியானோவை விட்டு எழுந்திருக்கவே யோசிக்கிறார்.

ஆனால் விரல்! பதினோரு வயதில் ராயல் அகாடமியில் உபகாரச் சம்பளத்தோடு படிக்கச் சேர்ந்த விரல் அது. இடது கை கனமாக நடந்துகொண்டே இருக்க, வலது கை அதற்குள் துள்ளி விளையாடுகிறது. கேமரா அந்தக் கைகளுக்கு மேலேயே நின்றது. டிரம்ஸ் வாசிக்கிற நைஜல் ஓல்சன் முதலில் கூடச் சேர்ந்தது 1970-இல், கிடார்க்காரர் டேவி ஜான்ஸ்டன் அதற்கு அடுத்த வருஷம். நம்மில் சில பெரியவர்களுக்கு வாய்த்த பக்கவாத்தியம் மாதிரிதான். அவர் மூச்சு எங்கே நிற்கும் என்று இவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அவர் ஒரு வரியை முன்னால் முடித்தால் இவர்கள் பதறுவதில்லை.

இனி நான் சொல்வதைக் கவனமாகக் கேள். இந்த மனிதருக்கு 1987-இல் தொண்டையில் ஆபரேஷன் நடந்தது. அதற்குப் பிறகு குரல் இறங்கிவிட்டது. எழுபதுகளின் ரெக்கார்டுகளில் மேலே மேலே ஏறிப் பறந்த பொய்க்குரல் போயே போயிற்று. அவருடைய புகழ்பெற்ற பாட்டுகளில் பாதிக்கு உயிரே அந்த மேல் ஸ்தாயிதான். அதை இழந்துவிட்டு அவர் முப்பத்தாறு வருஷம் பாடியிருக்கிறார். எப்படி? மேலே ஏற வேண்டிய வரியைக் கீழேயே தொட்டுத் திருப்பிவிடுகிறார். உச்சத்தைப் பின்பாட்டுக்காரர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். நேற்று பல இடங்களில் ஜனங்களே பார்த்துக்கொண்டார்கள். அவர் வைத்துக்கொண்டிருப்பது கீழ்ப் பகுதியின் கனம், சொல்லின் தெளிவு, பியானோ. மறைக்கவில்லை அக்கா. போனதைப் போனதாக விட்டுவிட்டு, இருப்பதை முழுசாகக் கொடுக்கிறார்.

ஒரு பாட்டை ஜார்ஜ் மைக்கேலுக்குச் சமர்ப்பித்தார். 1991-இல் வெம்ப்ளியில் இருவரும் சேர்ந்து பாடிப் பிரசித்தமான பாட்டு. ஜார்ஜ் மைக்கேல் 2016 கிறிஸ்துமஸ் அன்று இறந்துபோனார். இருந்திருந்தால் நேற்று அவருக்கு அறுபதாவது பிறந்தநாள். பாட்டில் அவருடைய பங்கு எங்கே வரும் என்று எல்லாருக்கும் தெரியும். அந்த இடத்தில் எல்டன் ஜான் தானே பாடினார், தன் இறங்கிய குரலில். எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை. கடைசியில் 'ராக்கெட் மேன்'. இங்கே ஜூனில் சூரியன் ஒன்பதரைக்குத்தான் மறையும், அந்தப் பாட்டு வருவதற்குள் நன்றாக இருட்டிவிட்டது, வாணவேடிக்கை விட்டார்கள். மகள் என் தோளில் சாய்ந்துகொண்டு முழுப் பாட்டையும் பாடினாள். அவளுக்கு அது எப்படித் தெரியும் என்று எனக்குத் தெரியாது.

இதையெல்லாம் உனக்கு ஏன் எழுதுகிறேன் என்று புரிந்திருக்கும். நம் சங்கீதத்தில் உனக்கு இவர்களைவிட வசதி அதிகம். அங்கே சுருதியை இறக்கினால் வாத்தியக்காரர்கள் பெரும்பாலும் விரலை மாற்றிப் பழக வேண்டும். உனக்குச் சுருதிப்பெட்டியைத் திருப்பி, பக்கவாத்தியக்காரர்களுக்கு முன்கூட்டியே சொன்னால் போதும். ஐந்தரைக் கட்டையில் பாடியவள் ஐந்தரையிலேயே பாடித் தீரவேண்டும் என்று யார் சொன்னது? எம்.டி. ராமநாதன் எவ்வளவு கீழே பாடினார்! அந்தக் கீழ் சுருதியில்தான் அவருடைய சங்கீதமே இருந்தது. செம்மங்குடி மாமாவுக்கு இளவயதிலேயே குரல் ஒத்துழைக்கவில்லை. கரகரப்பை வைத்துக்கொண்டு சாதகம் செய்தே எழுந்து வந்தார், தொண்ணூறைத் தாண்டியும் பாடினார். இந்தக் கதைகளை எனக்குச் சொன்னவளே நீதான்.

நாலு கட்டை வை. மேல் ஷட்ஜம் இப்போது நடுங்குகிற இடத்திலிருந்து ஒன்றரைக் கட்டை கீழே வந்துவிடும். நவரோஜ் எடு, பஞ்சமத்தைத் தாண்டாது. குறிஞ்சி எடு, தைவதத்தோடு நின்றுவிடும். வழக்கம்போல் மத்யம சுருதி வைத்துக்கொண்டாலும், நாலு கட்டையிலிருந்து கணக்குப் போட்டுப் பார், இரண்டுமே உன்னைப் பயமுறுத்துகிற அந்த ஸ்வரத்துக்குக் கீழேயே முடிந்துவிடும். மற்றவற்றில் சரணம் மேலே போகிற இடத்தைப் பிள்ளைகள் எடுத்துக்கொள்ளட்டும். உன் பாட்டுகளைக் கேட்டே வளர்ந்தவர்கள் அவர்கள். பிராகாரத்தில் வந்து உட்காருகிற பெண்களில் பாதிப் பேர் உன்னிடம் கற்றவர்கள், மீதிப் பேர் வருஷா வருஷம் கேட்டு மனப்பாடம் செய்தவர்கள். நீ ஒரு இடத்தில் நின்றுவிட்டால் அவர்கள் சும்மா இருப்பார்கள் என்றா நினைக்கிறாய்?

குரல் நரம்புக்கு ஒன்றும் ஆகவில்லை, பழகப் பழகத் தேறும் என்றுதானே டாக்டரும் சொன்னார். காலையில் மந்தரத்தில் மட்டும் கொஞ்ச நேரம் அகாரம் பாடு. வலித்தால் நிறுத்திவிடு. பத்து நாளுக்கு ஒரு முறை எனக்குப் பதிவு செய்து அனுப்பு, நன்றாக இல்லாவிட்டாலும் அனுப்பு. அக்டோபரில் நவராத்திரிக்கு நானும் மகளும் வருகிறோம், டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அத்தானிடம் சொல்லி மிருதங்கக்காரரை நாலு கட்டை மிருதங்கம் கொண்டுவரச் சொல். வயலினுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடு, அன்றைக்கு மேடையில் வந்து தந்தியை இறக்கிக்கொண்டிருக்க வேண்டாம். என்னென்ன பாடுவாய் என்று எழுது.

உன் அன்புத் தங்கை
குட்டி